மாவிலை தின்ற பசு

கீழ்வானம் வெளுக்குமுன் எழுந்து, கான்வாஸ் ஜோடுகளை மாட்டிக்கொண்டு, நகரசபைப் பூங்காவை நாலு பிரதட்சிணமோ ஐந்து பிரதட்சிணமோ வந்து, குலதெய்வத்துக்குக்கூடச் செய்யாத அந்த வழிபாட்டைத் தங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் செய்து முடித்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வெளியே வருகிற கனவான்களை எதிர்பார்த்து, எங்கள் ஊர்ப் பூங்காவின் வாசலில் தள்ளுவண்டி ஒன்று நாள்தோறும் நிற்கிறது. முன்பெல்லாம் அந்த வண்டியில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் மட்டுமே கிடைத்துவந்தன. இப்பொழுதோ எவர்சில்வர் தூக்குகளின்மேல் ஒட்டியிருக்கும் பெயர்களைப் படித்தால், பழத்தோட்டம் ஒன்றின் ஜாபிதாவைப் படிப்பது போலிருக்கிறது. மா, கொய்யா, பலா, நாவல், பப்பாளி, முள்சீத்தா என்று வரிசை நீளுகிறது. பழம் என்று ஒன்றுகூட இல்லை; அத்தனையும் இலை.

"சார், மாங்கொழுந்துக் கஷாயம் இன்னிக்குப் புதுசு. ஆன்டி ஆக்சிடன்ட் ஜாஸ்தி சார். ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க" என்றார் வண்டிக்காரர்.

"அது உள்ளே போய் என்ன செய்யும் அப்பா?" என்று கேட்டேன்.

"உடம்புல இருக்கற கெட்டதையெல்லாம் அடிச்சு வெளியே தள்ளிடும் சார்."

பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக் குடித்தேன். துவர்ப்பும் கசப்பும் கலந்த அந்தத் திரவம் நாக்கைச் சுண்ட இழுத்தது. அவருடைய பதில் மட்டும் அன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை; ஏனெனில், எது எதை வெளியே தள்ளுகிறது என்ற அந்தக் கேள்விக்கு, இற்றைக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பீகார் தேசத்துப் பசு ஒன்று மிகத் தெளிவான விடை அளித்திருக்கிறது. அந்தப் பசுவிடம் போவதற்கு முன்னால், மருந்துக்கடைச் சீட்டிலிருந்து சோப்புக்கட்டி உறை வரையில் அச்சாகிவிட்ட இந்த ஆன்டி ஆக்சிடன்ட் என்னும் சொல்லைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப்போவதும், மூடாமல் வைத்த எண்ணெயில் சிக்குவாடை ஏறுவதும், மழையில் கிடந்த அரிவாள் துருப்பிடிப்பதும் வெவ்வேறு சம்பவங்களாகத் தோன்றினாலும், எல்லாவற்றிலும் கைவரிசை காட்டுவது பிராணவாயு என்று நாம் கொண்டாடுகிற ஆக்சிஜன்தான். நம்மை வாழவைக்கிற அதே வாயு நம்மைச் சிறுகச் சிறுக அரிக்கவும் செய்கிறது. ஒரு பொருளின் அணுக்களைப் பிணைத்து நிற்கும் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகவே வாசம் செய்வன. அவற்றுள் ஒன்று துணையை இழந்து தனித்து நின்றுவிடுமாயின், அந்த மூலக்கூறு அண்டை வீட்டில் கொள்ளையடித்தாவது தன் குறையைத் தீர்த்துக்கொள்ளத் துடிக்கும். கொள்ளை கொடுத்த வீட்டுக்காரனோ மறுகணமே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான். இப்படித் தொடர்ந்துகொண்டே போகிற கொள்ளைக்குக் காரணமானவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்று ரசாயன சாஸ்திரிகள் அழைக்கிறார்கள். நிலைத்து நிற்கக்கூடிய ஃப்ரீ ராடிக்கல் ஒன்றை மிச்சிகன் சர்வகலாசாலையில் மோசஸ் கோம்பர்க் என்பவர் 1900-இல் உண்டாக்கிக் காட்டியபோது, அப்படி ஒன்று இருக்க முடியுமா என்றே பலர் ஐயுற்றார்கள். மனித சரீரம் மூப்படைவதற்கே இந்தக் கொள்ளைதான் காரணம் என்னும் சித்தாந்தத்தை டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க வைத்தியர் 1956-இல் வெளியிட்டார். தன்னிடமுள்ள எலெக்ட்ரானைத் தானமாகக் கொடுத்தும் தான் நிலைகுலையாமல் நின்று, கொள்ளையை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும் பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். கர்ணனைப் போன்ற பொருள் என்று சொல்லலாம்.

இத்தகைய கொடையாளிகள் இலையில் ஏன் குவிந்து கிடக்கவேண்டும்? வைகாசி மாதத்து உச்சிவெயிலில் நமக்குக் குடை உண்டு, திண்ணை உண்டு, ஒதுங்க ஒரு புளியமர நிழல் உண்டு. அந்தப் புளியமரத்துக்கு ஒதுங்க எங்கே நிழல்? நின்ற இடத்தில் நின்று, விழுகிற வெயிலையெல்லாம் ஏற்றாகவேண்டிய கட்டாயம் அதற்கு. இலை தன் ஆகாரத்தைச் சமைத்துக்கொள்ள வெயில் அவசியமே என்றாலும், உஷ்ணப் பிரதேசத்தின் நண்பகல் வெளிச்சம் சமையலுக்கு வேண்டியதைக் காட்டிலும் மிகமிக அதிகம். அடுப்புக்கு மிஞ்சிய அந்தத் தீ, பக்கத்திலேயே கிடக்கும் ஆக்சிஜனின்மேல் தாவி அதை வெறிகொள்ளச் செய்கிறது. இலையின் பச்சையக் கூடுகளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பெராக்சைடு உற்பத்தியாவதை மேலர் என்பவர் 1951-இல் கண்டறிந்தார். ஆகவே, இலைக்குள் சி வைட்டமினும், கரோட்டினாய்டுகளும், பாலிஃபினால் என்னும் துவர்ப்புப் பொருள்களும் சேமிக்கப்பட்டிருப்பது, அந்த மரம் தன் வீட்டில் தானே வைத்துக்கொண்டிருக்கும் தீயணைப்பு ஏற்பாடு. இலையைக் கடிக்க வருகிற புழுவின் வாயையும், மேய வருகிற ஆட்டின் நாவையும் சுண்ட வைப்பது அந்தத் துவர்ப்பின் இரண்டாவது உத்தியோகம்.

மாமரம் தளிர்க்கிற காலத்தில் அதன் உச்சிக்கொம்புகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், இளந்தளிர் பெரும்பாலும் பச்சையாகப் பிறப்பதில்லை. செம்பும் ஊதாவும் கலந்த ஒரு மினுமினுப்போடு, பட்டுத்துணியைத் தொங்கவிட்டதுபோல் தலைகவிழ்ந்து பிறந்து, சில நாட்கள் சென்ற பிறகே பசுமை பூண்டு நிமிர்கிறது. நாவல் தளிரும் இப்படித்தான். அந்தச் செம்மை ஆந்தோசயனின் என்னும் வர்ணப்பொருள். சமையலுக்கு இன்னும் தயாராகாத பிஞ்சு இலைக்கு வெயில் அடிபடாமல் தாய்மரம் போர்த்திய சால்வை அது என்று தாவர நூலார் கருதுகிறார்கள். மாவிலையில் மிகுதியாகக் காணப்படும் விசேஷப்பொருள் ஒன்றும் உண்டு. மாமரத்துக்கு லத்தீனில் வைத்த மாஞ்சிஃபெரா என்னும் பெயரையொட்டி, மாஞ்சிஃபெரின் என்று அதற்கு நாமகரணம் செய்திருக்கிறார்கள். வெளிறிய மஞ்சள் நிறமுள்ளது, கசப்பது, எலெக்ட்ரான் தானம் செய்வதில் மிகவும் தாராளமானது.

இந்தத் தாராளத்தை அளந்து பார்க்கிற பரீட்சையை, நம் கல்லூரிகளில் தாவரவியலோ உயிர்வேதியியலோ படித்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அவர்களில் அநேகர் அதைச் செய்தே பட்டம் வாங்கியவர்கள். இலையைப் பறித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டிய சாரத்தில் சிறிதளவு எடுத்து, டி.பி.பி.எச். என்று சுருக்கமாக வழங்கும் ஒரு திரவத்தில் சேர்க்கிறார்கள். அந்தத் திரவம் கருநாவல் பழத்தின் சாற்றைப்போல ஆழ்ந்த ஊதா நிறம் கொண்டது. ஏனெனில் அதிலுள்ள டி.பி.பி.எச். மூலக்கூறு ஒவ்வொன்றிலும் துணையிழந்த எலெக்ட்ரான் ஒன்று உண்டு. இலைச்சாரம் விழுந்ததும் தானம் நடக்கிறது. ஊதா கரைந்து கரைந்து வைக்கோல் மஞ்சளாகிவிடுகிறது. எவ்வளவு சாரம் விழுந்தபோது ஊதாவில் சரிபாதி மறைந்தது என்று கருவியில் 517 நானோமீட்டர் ஒளியை வைத்துப் பார்த்துக் கணக்கிட்டு, பக்கத்தில் சி வைட்டமினையும் வைத்து ஒப்பிட்டால் ஆய்வுக்கட்டுரையின் பிரதான அத்தியாயம் முடிந்தது. பார்ப்பதற்கு அழகான பரீட்சை, செலவு குறைவு, 1958-இல் ப்ளாய்ஸ் என்பவர் வகுத்துக் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொய்யா இலையைப் போட்டாலும் மஞ்சளாகும். நாவல் இலையைப் போட்டாலும் மஞ்சளாகும். தேயிலை, வேப்பிலை, வேலியோரத்து ஆடாதோடை, எதைப் போட்டாலும் ஏறக்குறைய மஞ்சளாகும். வெயிலில் நின்று பிழைக்கிற எந்த இலைக்கும் இந்தச் சாமர்த்தியம் இருந்தே தீரவேண்டும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? அப்படியிருக்க, ஓர் இலை இந்தப் பரீட்சையில் தேறியது என்பது, ஒரு மீனுக்கு நீந்தத் தெரியும் என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதற்குச் சமானம். ஆனால் இந்தப் பத்திரத்தைத்தான் சட்டமிட்டு மாட்டி, மாத்திரை வியாபாரிகள் கடை பரப்பியிருக்கிறார்கள்.

குடுவையில் ஊதாவை மஞ்சளாக்கிய பொருள், குடலுக்குள் இறங்கிய பின் என்ன ஆகிறது? இனிப் பசுவிடம் போகலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்து ஓவியர்கள் ஆசைப்பட்டு வாங்கிய வர்ணங்களுள் 'இந்திய மஞ்சள்' என்று ஒன்று இருந்தது. அந்திவானத்தையும் மூடுபனியில் ஊறிய வெளிச்சத்தையும் தீட்டுவதில் பெரும் புகழ்பெற்ற டர்னர் அதைக் கையாண்டார். அதற்கு முன்பே நம் நாட்டு ராஜபுத்திர, மொகலாயச் சித்திரக்காரர்களுக்கு அது பழக்கமான பொருள். கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்த அந்தச் சரக்கு அழுக்கு மஞ்சள் உருண்டைகளாக இருந்ததோடு, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படியான ஒரு நாற்றமும் வீசிற்று. இது எதனால் ஆனது என்பது வெகுகாலம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒட்டகத்தின் சிறுநீர் என்றார் ஒருவர், ஏதோ மரத்தின் பால் என்றார் மற்றொருவர். கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர் இதைப்பற்றி விசாரித்து எழுத, அந்த விசாரணையை மேற்கொண்டு புறப்பட்டவர் திரைலோக்கியநாத் முகோபாத்தியாயர் என்ற வங்காளி அதிகாரி. ஆங்கிலக் கடிதங்களில் டி. என். முகர்ஜி என்று கையெழுத்திட்ட இவரே, வங்காளி வாசகர்கள் இன்றும் விரும்பிப் படிக்கிற 'கங்காவதி' என்னும் விநோதக் கதையின் ஆசிரியர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஹாஸ்ய எழுத்தாளர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கு இப்படியொரு உத்தியோகம் வாய்க்கும்?

முகர்ஜி 1883-இல் லண்டனிலுள்ள கலைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் தாம் கண்டதை விவரித்தார். பீகாரில் கங்கைக்கரையிலுள்ள முங்கேர் நகரத்தை அடுத்த மிர்ஸாபூர் என்னும் இடத்தில், பால்காரக் குலத்தைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தார் தங்கள் பசுக்களுக்கு மாவிலையும் தண்ணீரும் மாத்திரமே கொடுத்து வளர்க்கிறார்கள். பசுவின் சிறுநீரைச் சிறிய சட்டிகளில் பிடித்து, தீயில் வற்றக் காய்ச்சி, துணியில் வடித்து, அடியில் தங்கிய மஞ்சள் வண்டலை உருண்டை பிடித்து, கரியடுப்பிலும் பிறகு வெயிலிலும் உலர்த்தி விற்கிறார்கள். ஊரார் அதைப் பியூரி என்கிறார்கள். பசுக்கள் நலிந்து காணப்பட்டன என்றும், உயிர் போகாமல் இருப்பதற்காக இடையிடையே அவற்றுக்கு வேறு தீவனம் கொடுப்பது உண்டு என்றும், இந்தத் தொழிலுக்காகவே மற்றப் பால்காரர்கள் அவர்களைப் பசுவைக் கெடுப்பவர்கள் என்று இகழ்ந்தார்கள் என்றும் அவர் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்த வர்ணம் கடைகளிலிருந்து மறைந்துபோயிற்று. முகர்ஜியின் கடிதம் ஒன்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லாததால், இது முழுக்க முழுக்கக் கட்டுக்கதையாக இருக்கலாம் என்று சமீபகாலத்தில் சிலர் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்தாளர் ஒருவர் மிர்ஸாபூருக்கே போய் விசாரித்தும், இதைக் கேள்விப்பட்டவர்கள்கூட அங்கே அகப்படவில்லை. நல்லவேளையாக, முகர்ஜி அனுப்பிய உருண்டைகள் கியூ தோட்டத்துப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று அவற்றை நவீன கருவிகளால் பரிசோதித்து, அவற்றில் யூசாந்திக் அமிலம் என்னும் மஞ்சள் பொருளோடு, மாடு குதிரை முதலிய தழையுண்ணிகளின் சிறுநீரில் சகஜமாகக் காணப்படுகிற ஹிப்யூரிக் அமிலமும் இருப்பதை எடுத்துக்காட்டியது. ஹாஸ்ய எழுத்தாளர் உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

இந்தச் சரித்திரத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பசு தின்றது மாஞ்சிஃபெரின். பசு வெளியேற்றியது யூசாந்திக் அமிலம். இரண்டும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவைதாம், ஆனால் ஒரே பொருள் அல்ல. இலையிலிருந்த பொருளோடு ஒட்டியிருந்த சர்க்கரையைக் குடலின் நுண்ணுயிர்கள் கழற்றியெடுத்து, அதன் உருவத்தையும் சற்று மாற்றிவிட, எஞ்சியது ரத்தத்தில் கலந்து ஈரலை அடைந்ததும், ஈரல் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு, குளுக்குரோனிக் அமிலம் என்னும் விலங்கை மாட்டி, சிறுநீரகத்தின் வழியாக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டது. ரசாயன நூலார் தரும் விளக்கம் இதுதான். என் தள்ளுவண்டிக்காரர் சொன்னதில் பாதி சரி. வெளியே தள்ளுவது நடக்கத்தான் செய்கிறது. தள்ளப்படுவதுதான் வேறு.

பசுவுக்கு நான்கு அறை வயிறு, நமக்கு ஓர் அறை என்கிற வித்தியாசம் இருந்தபோதிலும், ஈரலின் சுபாவம் இருவருக்கும் ஒன்றே. கொய்யா இலையிலுள்ள குவெர்செட்டின் முதலாக, துவர்ப்புப் பொருள்களில் பெரும்பாலானவற்றை நம்முடைய குடலும் ஈரலும் இதே முறையில்தான் நடத்துகின்றன. குடித்த கஷாயத்தில் ரத்தத்தை எட்டுவது சொற்பம். எட்டியதும் விலங்கோடு உலவுகிறது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி விடைபெற்றுக்கொள்கிறது. நம் ரத்தத்தின் ஆன்டி ஆக்சிடன்ட் பலத்தில் கணிசமான பங்கு யூரிக் அமிலத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். கால் கட்டைவிரலில் வாதவலி கொடுக்கிறதே, அதே யூரிக் அமிலம்! அதுவும் போதாதென்று, சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற ஒரு காவற்காரனை ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பதை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் வெளிப்படுத்தினார்கள்.

ஆன்டி ஆக்சிடன்ட் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்னும் நம்பிக்கையை, மனிதர்களை வைத்தே சோதித்தவர்களும் உண்டு. பின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாராருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-இல் முடிவு வெளியானபோது, அந்நோய் 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு தொடங்கிய வேறொரு பரீட்சையை 1996-இல் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. உணவுப் பண்டங்களின் ஆன்டி ஆக்சிடன்ட் மதிப்பெண்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுவந்த அமெரிக்க விவசாய இலாகா, வியாபாரிகள் அதைத் தவறாக விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும், குடுவை மதிப்பெண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றும் கூறி, 2012-இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. இதில் இன்னும் ஒரு வேடிக்கை. தேகாப்பியாசம் செய்பவர்களுக்குச் சி, ஈ வைட்டமின்களை அதிக அளவில் கொடுத்தபோது, அப்பியாசத்தால் கிடைக்கவேண்டிய நன்மை மங்கிப்போயிற்று என்று 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏனெனில் ஓடும்போது தசையில் பிறக்கிற அந்த ஃப்ரீ ராடிக்கல்களே, தேகத்தை உறுதிப்படுத்திக்கொள் என்று உடலுக்குச் சேதி சொல்லும் தூதர்கள். ஐந்து பிரதட்சிணம் முடித்துவிட்டு மாத்திரை விழுங்குகிற கனவான்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் நம் பாட்டிமார் இலைகளைக் கொண்டு செய்த வைத்தியமெல்லாம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை; அதற்கு நாம் சூட்டுகிற பெயர்தான் பொய்.

கொய்யா இலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கீசியரோடு நம் கரைக்கு வந்த இந்த மரம், வந்த சில நூற்றாண்டுகளுக்குள் கொல்லைப்புறத்து உறவினராகிவிட்டது. சிறுவயதில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தால், என் அத்தை ஒரு கைப்பிடிக் கொய்யாக் கொழுந்தைச் சீரகத்தோடு கொதிக்கவைத்து, அரை டம்ளராகச் சுண்டியதும் மூக்கைப் பிடித்துப் புகட்டுவாள். மெக்சிகோவிலும் கிழவிகள் இதையே செய்துவந்தார்கள். அந்நாட்டு ஆய்வாளர்கள் இதை முறையாக ஆராய்ந்து, இலையிலுள்ள குவெர்செட்டின் குடலின் தசை இழுப்பைத் தளர்த்துகிறது என்று காட்டி, அளவு நிர்ணயித்த மாத்திரையாகவே கொடுத்துப் பரீட்சித்து, வயிற்றுவலி குறைவதைப் பதிவு செய்தார்கள். ஜப்பானிலோ, சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும் பானம் என்ற முறையில் கொய்யா இலைத் தேநீருக்கு 2000-ஆம் ஆண்டில் அரசாங்க அங்கீகாரமே கிடைத்தது. அது எப்படி வேலை செய்கிறது? அரிசி மாவையும் சர்க்கரையையும் உடைத்துப் பிரிக்கிற குடல் நொதிகளை இலையின் துவர்ப்புப் பொருள்கள் தாமதப்படுத்துகின்றன. இந்த இரண்டு காரியமும் நடப்பது குடலுக்குள். ரத்தத்தை எட்டவேண்டிய அவசியமே இல்லை. ஊதாவை மஞ்சளாக்குகிற தானத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் கற்பிக்கவும் வேண்டியதில்லை. இலங்கையில் பலா இலைக் கஷாயம் நீரிழிவுக்கு வழங்கிவருவதை, 1991-இல் வெளியான ஆய்வொன்று ஆரோக்கியமுள்ளவர்களிடத்தும் நோயாளிகளிடத்தும் சோதித்து, சர்க்கரையைத் தாங்கும் சக்தி மேம்படுவதாகக் கண்டது. கன்னியாகுமரி, மலையாளப் பக்கங்களில் பலா இலையை மடக்கி ஈர்க்குச்சியால் குத்திக் கஞ்சி குடிக்கும் கரண்டியாக்குகிறார்களே, அதனால் சர்க்கரை இறங்கும் என்று மாத்திரம் யாரும் புறப்பட்டுவிட வேண்டாம்.

பப்பாளி இலையின் கீர்த்தி நம் ராஜ்யத்தில் ஓங்கியது 2012-இல். டெங்குக் காய்ச்சல் பரவிய அந்த ஆண்டில் நிலவேம்புக் குடிநீரோடு பப்பாளி இலைச்சாறும் ஊரெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு மலேசியாவிலிருந்து வெளிவந்த, 228 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், இலைச்சாறு அருந்தியவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் விரைவாக ஏறியது உண்மை. ஆயினும் டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது தட்டணுக் குறைவு மாத்திரம் அன்று. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்துபோவதுதான் பெரும் அபாயம். இலைச்சாற்றை நம்பி வீட்டிலேயே படுத்திருந்து, வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் கண்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களுக்கு எந்தத் தட்டணுவும் துணைக்கு வராது.

முள்சீத்தா விஷயத்தில் நான் தயவு தாட்சணியம் பார்க்கப்போவதில்லை. அதன் இலைக் கஷாயம் புற்றுநோயை வேரறுக்கும் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிற செய்தியைப் பெறாதவர்கள் தமிழகத்தில் அபூர்வம். அந்த இலையிலும் பழத்திலும் அனோனாசின் என்னும் பொருள் இருக்கிறது. குடுவையில் வளர்த்த புற்றணுக்களை அது கொல்வது மெய்தான். ஆனால் உயிரணுக்களின் உலைக்களமான மைட்டோகாண்ட்ரியாவின் தீயை அவித்துத்தான் அது கொல்கிறது. அவ்வாறு அவிப்பதில் நல்ல அணு, கெட்ட அணு என்ற பாகுபாடு அதற்கு இல்லை. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், நடுக்குவாத நோயை ஒத்த, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வியாதி வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதையும், அந்த நோயாளிகள் முள்சீத்தா போன்ற சீத்தா இனத்துப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலம் உட்கொண்டுவந்தவர்கள் என்பதையும் பிரெஞ்சு மருத்துவர்கள் 1999-இல் எடுத்துரைத்தார்கள். பின்னர் எலிகளுக்கு அனோனாசினைச் செலுத்தியபோது அவற்றின் மூளை நரம்புகளும் சேதமுற்றன. எப்போதாவது ஒரு பழம் தின்பவர் பயப்படவேண்டியதில்லை. இலையை நாள்தோறும் காய்ச்சிக் குடிப்பவர் பயப்படத்தான் வேண்டும்.

சிவபெருமானுக்கு உகந்த வில்வ இலைகூட, கோயிலிலிருந்து தொழிற்சாலைக்குப் போனால் குணம் மாறக்கூடும். வில்வத்திலுள்ள ஏகெலின் என்னும் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, உடல் மெலிய வைக்கும் மாத்திரையில் கலந்து அமெரிக்காவில் விற்றார்கள். 2013-இல் ஹவாய்த் தீவில் அதை விழுங்கியவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி கண்டது. சிலருக்கு ஈரல் மாற்றவேண்டி வந்தது. ஓர் உயிரும் போயிற்று. அந்தச் சரக்கு சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. பிரசாதமாக இரண்டு தளம் மென்று தின்னும்போது ஈரலுக்கு வருகிற அந்நியன் ஒருவன். அவனை அது விலங்கிட்டு அனுப்பிவிடும். மாத்திரையாக வரும்போது படையெடுப்பாக வருகிறான்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. துவர்ப்பு மிகுந்த எந்த இலைத் தேநீரும், உணவிலுள்ள இரும்புச் சத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் செய்யும். ரத்த சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு அதைக் குடிப்பது, ஒரு கையால் கீரை ஊட்டி மறு கையால் பிடுங்கிக்கொள்வது போன்றது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொய்யா இலையையோ பலா இலையையோ கூடச் சேர்த்துக்கொள்வதற்குமுன் தங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுவது உத்தமம். இரண்டுமாகச் சேர்ந்து சர்க்கரையை அளவுக்குக் கீழே இறக்கிவிட்டால் மயக்கம் வருவது அவர்களுக்குத்தான், தள்ளுவண்டிக்காரருக்கு அல்ல.

என்னைக் கேட்டால், பழமரத்து இலையை நம் முன்னோர் உண்ட விதமே உத்தமமான விதம். புளியங்கொழுந்தைப் பருப்போடு சேர்த்துக் கடைந்தார்கள். மாவிலையை வாசலில் கட்டினார்கள், வயிற்றுக்குள் தினசரி கொட்டவில்லை. நார்த்தை இலையை வேப்பிலைக் கட்டியாக்கினார்கள். வேப்பிலை துளியும் இல்லாத அந்தப் பண்டத்துக்கு அப்படியொரு பெயர் எப்படி வாய்த்தது என்பது எனக்கு விளங்காத புதிர். ஆனால் தஞ்சாவூர், பாலக்காட்டு வீடுகளில் தயிர்சாதத்துக்கு அதைவிடச் சிறந்த துணை கிடையாது. நார்த்தையின் உறவான எலுமிச்சையில் கிடைத்த ஃபிளேவனாய்டுப் பொருளுக்குப் பி வரிசையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத 'பீ' வைட்டமின் என்று ஹங்கேரிய மேதை சென்ட் ஜியார்ஜி 1936-இல் பட்டம் சூட்டியதும், அது வைட்டமினே அல்ல என்று பிற்பாடு அந்தப் பட்டம் பறிபோனதும் உலகம் அறிந்த கதை. பட்டம் வந்தபோதும் போனபோதும் கட்டியின் ருசியில் மாற்றம் இல்லை.

உங்கள் கொல்லையில் நார்த்தை மரம் இருந்தால், அது துளிர்க்கிற சமயம் பார்த்து, முற்றாத இலைகளாக இரண்டு கைப்பிடி பறித்துக்கொள்ளுங்கள். நடுநரம்பைத் தவறாமல் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாரோடும். கொஞ்சம் எலுமிச்சை இலையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கூடச் சேர்த்து, வறுத்த மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு, கொட்டைப்பாக்களவு புளி வைத்து, தண்ணீர் விடாமல் உரலில் இடித்து உருண்டை பிடித்து வையுங்கள். தயிர்சாதத்துக்குச் சுண்டைக்காயளவு போதும்.